கேள்வி முதலில், படம் பிறகு

(தொலைக்காட்சி உரையரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



உரைக்குள் போகுமுன் ஒரு சின்னச் சோதனை. தாளும் பேனாவும் வேண்டாம். மனத்திற்குள் விடை சொன்னால் போதும். ஐந்து சோடி நாடுகள்: இலங்கை, துருக்கி. போலந்து, தென்கொரியா. மலேசியா, ரஷ்யா. பாகிஸ்தான், வியட்நாம். தாய்லாந்து, தென்னாப்பிரிக்கா. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்திய கணக்கு இது. ஒவ்வொரு சோடியிலும் ஒரு நாட்டில், ஐந்து வயது நிறைவதற்குள் இறந்துபோகும் குழந்தைகளின் விகிதம் மற்ற நாட்டைப் போல் இரு மடங்கு. எந்த நாட்டில்?

விடையை மாற்றாமல் அப்படியே வைத்திருங்கள். சற்று நேரத்தில் தேவைப்படும்.

ஹன்ஸ் ரோஸ்லிங் என்னும் சுவீடன் நாட்டு மருத்துவப் பேராசிரியர் இந்தக் கேள்விகளைக் கரோலின்ஸ்கா கழகத்தில் தம்முடைய மாணவர்களிடம் கேட்டார். பள்ளியில் மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கி மருத்துவம் படிக்க வந்த பிள்ளைகள் அவர்கள். சராசரியாக ஐந்துக்கு 1.8 விடைதான் சரியாக இருந்தது. காசைச் சுண்டிப் போட்டு விடை சொல்லியிருந்தால்கூட 2.5 கிடைத்திருக்கும். ரோஸ்லிங் காசைச் சொல்லவில்லை, சிம்பன்சிக் குரங்கைச் சொன்னார். இரண்டு வாழைப்பழங்களில் இரண்டு நாடுகளின் பெயரை எழுதி நீட்டினால் குரங்கு பாதிக்குப் பாதி சரியாக எடுத்துவிடும் என்றார். பிறகு அதே கழகத்தின் பேராசிரியர்களிடமும் கேட்டுப் பார்த்தார். மருத்துவத்திற்கான நோபல் பரிசு யாருக்கு என்று முடிவு செய்யும் கழகம் அது. அவர்கள் குரங்கின் மதிப்பெண்ணைத் தொட்டார்கள்.

இனி விடை. குழந்தை மரணம் இரு மடங்காக இருந்தது துருக்கியில், போலந்தில், ரஷ்யாவில், பாகிஸ்தானில், தென்னாப்பிரிக்காவில். மலேசியாவைவிட ரஷ்யா மோசம். இலங்கையைவிடத் துருக்கி மோசம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில்கூட எத்தனை பேர் மலேசியாவை ரஷ்யாவுக்குக் கீழே வைத்திருப்பார்கள்!

ரோஸ்லிங் இதிலிருந்து எடுத்த முடிவு கூர்மையானது. ஒன்றுமே தெரியாதவன் குருட்டாம்போக்கில் சொன்னாலும் பாதி சரியாகிவிடும். பாதிக்கும் கீழே போக வேண்டுமானால் தலைக்குள் ஏற்கெனவே ஒரு தவறான படம் மாட்டப்பட்டிருக்க வேண்டும். அதை இறக்காமல் புதிய படத்தை மாட்ட முடியாது. எண்களை அடுக்கிச் சொல்வதால் அது இறங்குவதில்லை.

அவருக்கு இது வகுப்பறைச் சிக்கல் மட்டும் அன்று. 1979 முதல் 1981 வரை ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்கில், நக்காலா என்னும் வட்டாரத்தில் மருத்துவராக இருந்தவர். அங்கே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் திடீரென்று கால்கள் செயலிழந்த நோயை ஆராய்ந்து, பஞ்ச காலத்தில் நச்சு நீங்கச் சரியாகப் பதப்படுத்தாமல் தின்ற மரவள்ளிக்கிழங்கே காரணம் என்று கண்டறிந்தவர்களில் ஒருவர். எந்த நாட்டில் குழந்தைகள் எதனால் சாகிறார்கள் என்பது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டால், மருந்தும் பணமும் தவறான இடத்திற்குப் போகும் என்பதை நேரில் பார்த்தவர்.

குமிழ்கள் நகர்ந்த கதை

தலைக்குள் இருக்கும் தவறான படத்தை இறக்க ரோஸ்லிங் பிடித்த வழிதான் பின்னாளில் உலகப் புகழ் பெற்றது. தாளில் அவர் ஒரு வரைபடம் போட்டு வைத்திருந்தார். கிடைக்கோட்டில் வருமானம், நெடுங்கோட்டில் ஆயுள். ஒவ்வொரு நாடும் ஒரு குமிழ். மக்கள் தொகைக்கு ஏற்பக் குமிழின் அளவு, கண்டத்திற்கு ஏற்ப நிறம். அவருடைய மகன் ஓலா ரோஸ்லிங்கும் மருமகள் அன்னா ரோஸ்லிங் ரோன்லுண்டும் அதற்கு உயிர் கொடுத்தார்கள். ஆண்டு மாற மாறக் குமிழ்கள் திரையில் நகரும்படி ஒரு மென்பொருளை எழுதினார்கள். டிரெண்டலைசர் என்று அதற்குப் பெயர். மூவரும் சேர்ந்து 2005-ல் கேப்மைண்டர் அறநிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2007-ல் கூகல் அந்த மென்பொருளை வாங்கிக்கொண்டது.

2006-ல் கலிபோர்னியாவின் மான்டரே நகரில் நடந்த டெட் மாநாட்டில் ரோஸ்லிங் இந்தக் குமிழ்களை மேடையேற்றினார். ஒரு பக்கம் ஒரு பெண் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை, மறுபக்கம் ஆயுள். 1962-ல் படம் நின்றது. சிறிய குடும்பம், நீண்ட ஆயுள் என்று ஒரு கூட்டம். பெரிய குடும்பம், குறுகிய ஆயுள் என்று இன்னொரு கூட்டம். பணக்கார நாடுகள், ஏழை நாடுகள் என்று எல்லாரும் மனத்தில் வைத்திருக்கும் அதே படம். பிறகு ஆண்டுகளை ஓடவிட்டார். சீனாவின் பெரிய குமிழ் மேலேறியது. இலத்தீன் அமெரிக்காவும் அரபு நாடுகளும் நகர்ந்தன. வங்காளதேசம் நகர்ந்தது. 1990களில் எய்ட்ஸ் நோய் ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றைக் கீழே இழுத்தது. மற்றவை பெரும்பாலும் சிறிய குடும்பமும் நீண்ட ஆயுளும் உள்ள மூலைக்கு வந்து சேர்ந்தன. பிறகு வியட்நாமையும் அமெரிக்காவையும் மட்டும் தனியே பிடித்தார். 1964-ல் இரண்டும் இரு துருவங்கள். 2003-ல் வியட்நாமியக் குடும்பத்தின் அளவும் ஆயுளும் 1974-ல் அமெரிக்கா இருந்த இடத்திற்கு வந்துவிட்டன. போர் முடியப்போகும் நேரத்தில் அமெரிக்கா இருந்த இடம் அது.

இந்தப் பேச்சைக் கேட்டவர்கள் குமிழ்களைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் குமிழ்களோடு தொடங்கவில்லை. மாணவர்களிடம் கேட்ட சோதனையைச் சொல்லித்தான் தொடங்கினார். அரங்கில் இருந்தவர்களும் மனத்திற்குள் விடை சொல்லிவிட்டார்கள், தவறாகவும் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு திரையில் வந்த ஒவ்வொரு குமிழும் அவர்களுடைய சொந்த விடையைத் திருத்த வந்த குமிழ் ஆயிற்று.

கண் நான்கைத்தான் பிடிக்கும்

ரோஸ்லிங்கின் வெற்றிக்குப் பிறகு எல்லாரும் குமிழ்களை ஓடவிட ஆரம்பித்தார்கள். வங்கி அறிக்கையிலும் குமிழ், விற்பனைக் கூட்டத்திலும் குமிழ். அசைந்தால் புரியும் என்று ஒரு நம்பிக்கை பரவியது.

2008-ல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ராபர்ட்சனும் அவருடைய குழுவினரும் இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே புள்ளிவிவரத்தை மூன்று விதமாகக் காட்டினார்கள். ஒன்று ஓடும் குமிழ்ப் படம். இன்னொன்று குமிழ்கள் போன பாதையைத் தடமாக விட்டுச் செல்லும் அசையாப் படம். மற்றொன்று நாட்டுக்கு ஒன்றாகச் சிறுசிறு படங்களை வரிசையாக அடுக்கியது. பார்த்தவர்களுக்கு ஓடும் படம்தான் மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அவர்களே எண்களை ஆராய்ந்து விடை கண்டுபிடிக்க வேண்டிய நேரத்தில், ஓடும் படம் மெதுவாகவும் பிழை கூடுதலாகவும் வேலை செய்தது. சிறுசிறு படங்களாக அடுக்கியதில்தான் விடைகள் துல்லியமாக இருந்தன.

காரணம் விளங்காத ஒன்றன்று. ஒரே நேரத்தில் நகரும் பொருள்களில் ஏறத்தாழ நான்கைத்தான் மனிதக் கண் பின்தொடர முடியும் என்று உளவியலார் பலமுறை சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். திரையில் நகர்வதோ கிட்டத்தட்ட இருநூறு நாடுகள். தைப்பூசக் கூட்டத்தில் காவடி எடுத்துப் போகும் மகனை மட்டும் கண்ணால் பிடித்துக்கொண்டு போகலாம். எல்லாக் காவடிகளையும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியுமா?

அப்படியானால் ரோஸ்லிங் பேசும்போது மட்டும் எப்படிப் புரிந்தது? அவர் கையில் ஒரு நீண்ட கோல் இருந்தது. "இதோ சீனா, இதோ வங்காளதேசம்" என்று, குதிரைப் பந்தய வருணனையாளரைப் போல் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு வந்தார். இருநூறில் எந்த ஒன்றைப் பார்க்க வேண்டும் என்பதை ஒவ்வொரு நொடியும் அவர் முடிவு செய்தார். மென்பொருளை வாங்கியவர்களுக்குக் குமிழ்கள் கிடைத்தன, அந்தக் கோல் கிடைக்கவில்லை.

தொட்டு இயக்கும் வரைபடங்களைப் பற்றிப் பேசும்போது தொழில்நுட்பத்தையே பேசிப் பேசி இதை மறந்துவிடுகிறார்கள். வேகமும் முக்கியம்தான். 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், விரல் பட்ட பிறகு படம் அரை நொடி தாமதமாக மாறினாலே பயன்படுத்துபவர்கள் தேடுவதைக் குறைத்துக்கொண்டார்கள் என்று தெரிய வந்தது. நிறமும் முக்கியம்தான், சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க இயலாத ஆண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் வேகமும் நிறமும் சரியாக இருந்தும், எதற்காகத் தொட வேண்டும் என்று பார்ப்பவருக்குத் தெரியாத படங்கள்தாம் இணையத்தில் நிறைந்து கிடக்கின்றன. பத்துப் பொத்தான்கள், நாலு பட்டியல்கள், ஓர் இழுவைக்கோடு. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, "நீங்களே தேடிக் கண்டுகொள்ளுங்கள்" என்று விட்டுவிடுவது தாராள மனம் போலத் தோன்றும். உண்மையில் அது செய்ய வேண்டிய வேலையைப் பார்ப்பவர் தலையில் கட்டுவது.

கோட்டை நீங்களே வரையுங்கள்

நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இத்தகைய படங்களைச் செய்பவர்களில் ஒருவர் ஆர்ச்சி சே. 2016-ல் ஸ்பெயினில் நடந்த செய்திப்பட மாநாட்டில் அவர் வெளிப்படையாகவே பேசினார். வாசகர்கள் பக்கத்தை உருட்டிப் பார்ப்பார்கள், அதற்கு மேல் எதையும் செய்ய மாட்டார்கள். தொட்டால் மட்டுமே தோன்றும் செய்தியை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டே படம் போட வேண்டும். வாசகரைத் தொடச் சொன்னால், தொட்டதற்குப் பலனாகப் பெரிதாக ஒன்று நடந்தே தீர வேண்டும். உலகத்தின் மிகச் சிறந்த தொட்டு இயக்கும் படங்களைச் செய்த அலுவலகத்திலிருந்தே இந்தப் பேச்சு வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பெரிதாக ஒன்று என்றால் என்ன? அதற்கு ஓராண்டு முன்பே அதே நாளிதழ் செய்து காட்டியிருந்தது. 2015 மே மாதத்தில் ஒரு கட்டுரை வந்தது. பெற்றோரின் வருமானம் கூடக் கூடப் பிள்ளை கல்லூரிக்குப் போகும் வாய்ப்பு எப்படி மாறுகிறது என்பது அதன் பொருள். கட்டங்களும் அச்சுகளும் இருந்தன, கோடு மட்டும் இல்லை. கோட்டை வாசகரே விரலால் வரைய வேண்டும். வரைந்து முடித்த பிறகுதான் உண்மையான கோடு தோன்றும். பக்கத்திலேயே மற்ற வாசகர்கள் வரைந்த கோடுகளும் வரும்.

பலர் வளைத்து வளைத்து வரைந்தார்கள். ஏழைகளுக்கு ஏதோ ஓர் இடத்தில் வாய்ப்பு சட்டென்று உயரும் என்று சிலர் நினைத்தார்கள், நடுத்தரக் குடும்பத்தைத் தாண்டினால் எல்லாம் சமம் என்று சிலர் நினைத்தார்கள். உண்மைக் கோடு ஏறக்குறைய நேர்க்கோடு. வருமானம் ஒரு படி ஏறினால் வாய்ப்பும் ஒரு படி ஏறும், வளைவும் இல்லை, நெளிவும் இல்லை. அந்த நேர்க்கோட்டை நேரடியாகக் காட்டியிருந்தால், "தெரிந்த விஷயம்தானே" என்று வாசகர் அடுத்த பக்கத்திற்குப் போயிருப்பார். தாம் வரைந்த வளைவுக்குப் பக்கத்தில் அதைப் பார்க்கும்போது அப்படிப் போக முடியாது.

இது வெறும் விளையாட்டு இல்லை என்பதற்கும் சான்று வந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், முதலில் தங்கள் ஊகத்தை வரைந்து, பிறகு உண்மையோடு அதற்குள்ள இடைவெளியைப் பார்த்தவர்கள், படத்தை மட்டும் பார்த்தவர்களைவிட எண்களை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். ரோஸ்லிங் வகுப்பறையில் கண்டதும் இதுதான். விடை சொல்லித் தவறியவர்தான் திருத்தத்தை மறப்பதில்லை.

சிவப்பு வட்டங்கள்

கேள்வி இல்லாமல் வந்த படத்திற்கும் ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். 2020 ஜனவரி 22-ஆம் தேதி அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஒரு நிலப்படத்தை வெளியிட்டது. பேராசிரியர் லாரன் கார்ட்னரும் அவருடைய ஆய்வு மாணவர் என்செங் டோங்கும் உருவாக்கியது. கறுப்புப் பின்னணி, சிவப்பு வட்டங்கள், ஏறிக்கொண்டே போகும் எண்கள். உலகம் முழுவதும் வீட்டுக்குள் முடங்கியிருந்தபோது எல்லார் கண்ணும் அதன்மேல்தான். 2023 மார்ச் 10-ஆம் தேதி வரை அந்தக் கணக்கை அவர்கள் சேர்த்துத் தந்தது மாபெரும் தொண்டு. அரசாங்கங்களுக்கு முன்னால் ஒரு பல்கலைக்கழகம் அதைச் செய்தது.

ஆனால் படம் என்ற அளவில் அதைப் பாராட்டுவது கடினம். வட்டத்தின் அளவு மொத்த எண்ணிக்கையைச் சொன்னது. மக்கள் தொகை பெரிதான நாட்டில் வட்டம் பெரிதாகத்தான் இருக்கும். பார்ப்பவருக்கு இருந்த கேள்வியோ வேறு. கூடுகிறதா, குறைகிறதா? அம்மா இருக்கும் ஊரில் எப்படி? வட்டத்தைத் தொட்டால் இன்னும் ஓர் எண் வந்தது. பயம் கூடியது, தெளிவு கூடவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் இலண்டன் ஃபைனான்ஷியல் டைம்ஸ் இதழில் ஜான் பர்ன்-மர்டாக் போட்ட கோட்டுப் படம் அந்தக் கேள்வியைப் பிடித்தது. எல்லா நாடுகளையும், நோயாளிகளின் எண்ணிக்கை நூறைத் தொட்ட நாளிலிருந்து ஒரே தொடக்கத்தில் நிறுத்தி, எந்த நாடு எந்த வேகத்தில் ஏறுகிறது என்று காட்டியது. அது அசையவில்லை, தொடவும் தேவையில்லை.

ஆறு இலக்கம்

வெளிநாட்டுக் கதைகள் போதும். சிங்கப்பூரில் வீட்டுக்கு வீடு தெரிந்த ஒரு படம் இருக்கிறது. தேசியச் சுற்றுப்புற வாரியம் இணையத்திலும் கைத்தொலைபேசிச் செயலியிலும் தரும் டெங்கி நிலப்படம்.

அழகில் அது பரிசு வாங்காது. குமிழ்கள் ஓடுவதில்லை. மேலே ஒரு கட்டம் இருக்கிறது, அதில் அஞ்சல் குறியீட்டின் ஆறு இலக்கத்தைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். சிங்கப்பூரில் ஒவ்வொரு வீவக புளோக்கிற்கும் தனித்தனி அஞ்சல் குறியீடு என்பதால், அந்த ஆறு இலக்கம் ஒரு குடும்பத்தை அதன் வாசலுக்கே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. தன் புளோக் டெங்கிக் குழுமத்திற்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பது ஒரே பார்வையில் தெரியும். 14 நாள்களுக்குள், 150 மீட்டர் தொலைவுக்குள் இரண்டு பேருக்கோ அதற்கு மேலோ டெங்கி கண்டால் அது ஒரு குழுமம். பத்துப் பேருக்குக் கீழ் என்றால் மஞ்சள், பத்தும் அதற்கு மேலும் என்றால் சிவப்பு.

இந்தப் படம் யாரிடமும் கேள்வி கேட்கவில்லையே என்று தோன்றலாம். கேட்கத் தேவையில்லை. மூன்றாம் மாடியில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மின்தூக்கியில் கேள்விப்பட்ட தாய், கேள்வியைக் கையோடு கொண்டுதான் வருகிறார். 2020-ல் சிங்கப்பூரில் 35,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கி கண்டது. அந்த ஆண்டில் அது எத்தனை வீடுகளின் கேள்வியாக இருந்திருக்கும்! படம் செய்ய வேண்டியதெல்லாம் அந்தக் கேள்விக்குக் குறுக்கே நிற்காமல் இருப்பதுதான். நாடு முழுவதன் வரைபடமும், பத்தாண்டுப் போக்கும், வட்டார ஒப்பீடும் முதல் பக்கத்தில் வந்து நின்றிருந்தால் அந்தத் தாய் அதை மூடிவைத்திருப்பார்.

விடையும் செயலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஏடிஸ் கொசு தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுகிறது. ஒரு வாரம் அளவில் புதுக் கொசு பறக்கத் தொடங்கிவிடும். குழுமத்திற்குள் இருக்கும் வீட்டுக்காரர் பூந்தொட்டித் தட்டையும் வாளியையும் அன்றைக்கே கவிழ்க்கலாம். ஒருவர் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துபோய் ஒரு வேலை செய்கிறார் என்றால், அதைவிட அந்தப் படத்திற்கு வேறு தேர்வு வேண்டியதில்லை.

அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். குழுமத்திற்கு வெளியே என்றால் கொசு இல்லை என்று பொருள் அன்று. நோய் கண்டவர் வீட்டில்தான் கடிபட்டார் என்பதும் உறுதியில்லை, பள்ளியிலோ வேலையிடத்திலோ கடிபட்டிருக்கலாம். திரையில் தன் புளோக் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து ஒருவர் நிம்மதியாகத் தூங்கினால், அந்த நிம்மதியை அந்தப் படம்தான் கொடுத்தது. கோடு எவ்வளவு துல்லியமாக வரையப்பட்டிருக்கிறதோ அவ்வளவு அதை மக்கள் நம்புவார்கள். மலேசியாவில் ஒரு குடியிருப்பில் நோய்ப்பரவல் 30 நாள்களைத் தாண்டினால் அதை அபாய வட்டாரம் என்று அறிவிக்கிறார்கள். அந்தப் பட்டியலைப் பார்ப்பவர்களும் 29-ஆம் நாளில் இருக்கும் குடியிருப்பைப் பற்றி இதே தவற்றைச் செய்யலாம்.

இன்னொன்று. சிங்கப்பூரில் அதே புள்ளிவிவரம் திரைக்கு வெளியேயும் தொங்குகிறது. குழுமம் அறிவிக்கப்பட்ட புளோக்குகளின் கீழ்த்தளத்தில் மஞ்சள் அல்லது சிவப்புப் பதாகை கட்டுகிறார்கள். ஆறு இலக்கத்தைத் தட்டத் தெரியாத தாத்தா, சந்தைக்குப் போய்விட்டுக் காய்கறிப் பையோடு மின்தூக்கிக்காக நிற்கும்போது அதைப் பார்த்துவிடுகிறார்.